சிக்னல் கிடைக்காத மேட்டில், மாற்றுச் செயலிகளோடு நான்கு ஆண்டுகள்

கம்பத்தில் வீடு, எல்லைக்கு மேலே கேரளத்து வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டத்துக் கணக்கு வேலை. காலையில் ஜீப் ஏறினால், கம்பம்மெட்டுச் சாலையின் முதல் சில வளைவுகளிலேயே போன் மூச்சை விட்டுவிடும். மேலே போய் உயிர் திரும்பும்போது விளம்பரங்கள் மலையாளம் பேசத் தொடங்கியிருக்கும். சாயங்காலம் கீழே இறங்கினால் அதே நகைக்கடை தமிழில் கூப்பிடும். காய் எடுக்க வரும் பெண்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பது சோதனைச் சாவடிக் காவலருக்குத் தெரியும் முன்பே நகைக்கடைக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆனாலும் பெரிய நிறுவனங்களின் செயலிகளை விட்டு மாற்றுச் செயலிகளுக்கு நான் மாறியது அந்தரங்கத்துக்குப் பயந்து அல்ல. மாறியது ஒரு செத்துப்போன சிம்மால்.

எல்லையில் வேலை பார்ப்பவர்களிடம் பெரும்பாலும் இரண்டு சிம் இருக்கும். ஒன்று கீழே எடுக்கும், மற்றது மேலே எடுக்கும். மேலே எடுக்கும் எண்ணைக் கொடுத்து ஒரு பெரிய நிறுவனத்தில் இணையக் கணக்கு திறந்திருந்தேன். மின்னஞ்சல், படங்கள், தோட்டத்து ஆள் கணக்கு எல்லாம் அதற்குள். 2021 மழைக்காலத்தில் போன் தண்ணீரில் போனது. புதுப் போனில் நுழைந்தால், பழைய எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்றது. அந்த எண்ணுக்கு நான் ரீசார்ஜ் செய்தே மாதக்கணக்காகியிருந்தது; அது வேறொருவர் கைக்குப் போய்விட்டது. அழைத்துப் பார்த்தேன். எடுத்தவர் நல்ல மனிதராகத்தான் பேசினார். ஆனால் முன்பின் தெரியாதவன் ஓ.டி.பி. கேட்டால் யார் சொல்வார்கள்? நானாக இருந்தாலும் சொல்லமாட்டேன். மூன்று வாரத்து ஆள் கணக்கை ஜீப்காரரின் நோட்டைப் பார்த்து மறுபடி எழுதினேன்.

அதன்பிறகு எந்தச் செயலியானாலும் ஒரே சோதனைதான்: சிக்னல் இல்லாத வளைவில் ஜீப் நிற்கும்போது இது திறக்கிறதா? திறந்தால், உள்ளே இருப்பது என் போனில் இருக்கிறது. என் போனில் இருப்பதை யாரும் பூட்டிவைக்க முடியாது. இதில் ஓட்டை உண்டு என்பது தெரியும்; சிக்னல் இல்லாதபோது வேலை செய்துவிட்டு, கிடைத்ததும் எல்லாவற்றையும் அனுப்பிவைக்கும் செயலிகளும் இருக்கின்றன. அதனால்தான் முடிந்தவரை எஃப்-டிராய்டிலிருந்து இறக்குகிறேன். 2010 முதல் இருக்கும் கட்டற்ற செயலிகளின், அதாவது நிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய செயலிகளின், களஞ்சியம் அது. மூல நிரலைப் பார்க்க முடிந்தவற்றை மட்டுமே சேர்ப்பார்கள். ஒரு செயலி பயனரைப் பின்தொடர்ந்தால் அதன் பக்கத்திலேயே எச்சரிக்கை போட்டிருப்பார்கள்.

நான்கு ஆண்டில் என்னை ஒருநாளும் ஏமாற்றாதது வரைபடம். ஆர்கானிக் மேப்ஸ் என்ற செயலி. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்டிரீட்மேப் என்ற பொது வரைபடத்தின் தரவை எடுத்துக் காட்டுகிறது. எல்லைக்கு இரு பக்க வரைபடங்களையும் வீட்டில் வைஃபையில் இறக்கிக்கொண்டால் போதும். மேட்டில் சிக்னல் செத்த நிலையிலும் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும்; செயற்கைக்கோள் சமிக்ஞைக்குக் கோபுரம் தேவையில்லை அல்லவா. இந்தச் சாலையில் மண் சரிந்தாலோ, நெரிசல் ஆனாலோ இதற்குத் தெரியாது. அதற்கு எதிரே வரும் ஜீப்காரரைத்தான் கேட்க வேண்டும். கடைகளுக்கு நட்சத்திரமும் கிடையாது. பரோட்டா எங்கே நன்றாக இருக்கும் என்பதற்கும் ஜீப்காரர்தான்.

முதலில் எங்கள் தோட்டப் பக்கம் வெறும் பச்சையாகத்தான் இருந்தது. பிறகுதான் அதை நானே நிரப்பலாம் என்று புரிந்தது. டீக்கடை, ரேஷன் கடை, கோயில் போன்றவற்றைச் செயலியிலிருந்தே சேர்த்துவிடலாம். பாதைகளை வரையக் கணினியில் உட்கார வேண்டும். ஸ்டிரீட்கம்ப்ளீட் என்று இன்னொன்று இருக்கிறது. நடந்து போகும்போது இந்தச் சாலை தாரா மண்ணா, இந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சின்னச் சின்னக் கேள்வி கேட்கும். பதில் சொன்னால் வரைபடத்தில் ஏறிவிடும். எனக்குப் பிடித்த வேலை பெயர் எழுதுவது. ஒவ்வோர் இடத்துக்கும் தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர் இரண்டையும் தனித்தனியாக எழுதலாம். மெட்டு என்பதா மேடு என்பதா என்று என் முதலாளியோடு ஒரு மதியம் முழுக்க வாதாடியிருக்கிறேன். அவர் மலையாளி, பெயர் விஷயத்தில் என்னைவிடப் பிடிவாதக்காரர். இரண்டு பேரும் ஜெயித்தோம், இரண்டுக்கும் இடம் இருக்கிறதே.

கணக்கு இப்போது லிப்ரே ஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளில். ஸ்டோரில் காய் உலர்த்தும் அறைக்கு அடுத்த அறையில் ஒரு பழைய மடிக்கணினி தூங்கிக்கொண்டிருந்தது. அதில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொடுத்தது என் அக்கா மகன். பீர்மேடு பக்கம் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவன். கேரளத்து அரசுப் பள்ளிகளில் ஐ.டி. பாடமே கட்டற்ற மென்பொருளில்தான், முன்பு ஐ.டி. அட் ஸ்கூல் என்று இருந்து 2017இல் ‘கைட்’ ஆன நிறுவனம் இதற்கென்றே லினக்ஸ் தயாரித்துத் தருகிறது. நான் பெரிய சித்தாந்தம் என்று நினைத்து மூச்சுமுட்டப் படித்ததை, அவன் எட்டாம் வகுப்பு வீட்டுப்பாடம் போலச் செய்தான். “மாமா, இதற்கா இவ்வளவு யோசித்தீர்கள்?” என்று கேட்டான். கீழே எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் இல்லையே என்ற பொறாமை எனக்கு இன்றும் உண்டு.

லிப்ரே ஆபிஸில் ஒரு தலைவலி உண்டு. தமிழில் கணக்கு எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸின் லதா எழுத்துருவில் எழுதிய பழைய தாள்களை லினக்ஸில் திறந்தால், அந்த எழுத்துரு இல்லாததால் வேறொன்று வந்து உட்காரும். அகலம் மாறும்; ஒரு பக்கச் சம்பளப் பட்டியல் இரண்டு பக்கமாகும். எல்லாவற்றையும் ஒருமுறை நோட்டோ தமிழுக்கு மாற்றிச் சேமித்தபிறகு தொல்லை இல்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கும் பழங்கணக்கு வேறு கதை. அதைத் தொடவே இல்லை.

போனுக்கும் மடிக்கணினிக்கும் இடையில் சிங்க்திங் என்ற செயலி. நடுவில் எந்த நிறுவனத்தின் சேமிப்பிடமும் இல்லை. இரண்டும் ஒரே வைஃபையில் சேர்ந்தால் தாமே கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும். ஜீப்பில் ஆள் பெயர் குறித்துக்கொண்டு ஸ்டோருக்குள் நுழைந்தால், நான் நாற்காலியில் உட்காரும் முன்பே கணக்கு அங்கே இருக்கும். 2024 டிசம்பரோடு இதன் அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு செயலியை நிறுத்திவிட்டார்கள். கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றுக்குச் சம்பளத்துக்குக் காவல் இருப்பவர் யாரும் இல்லை; பார்த்துக்கொண்டவர் களைத்துப்போனால் முடிந்தது. ஆனால் நிரல் திறந்து கிடப்பதால் வேறொருவர் கிளை பிரித்து நடத்திக்கொண்டிருந்தார், அதற்கு மாறிக்கொண்டேன். சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்ற சிறு செயலித் தொகுப்பின் கதையும் இதுவே. 2023 இறுதியில் அதை விளம்பரத் தொழில் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். பயனர்கள் கொதித்தார்கள். உடனே அதே நிரலை எடுத்து ஃபாசிஃபை என்ற பெயரில் கடை விரித்துவிட்டார்கள். என் படத்தொகுப்பும் நாட்காட்டியும் இப்போது அதில்தான்.

நான் தோற்றுப்போன இடத்துக்கு வருகிறேன்.

2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பின் புதிய தனியுரிமைக் கொள்கை பற்றிய பரபரப்பில் எங்கள் குடும்பத்தில் எட்டுப் பேர் சிக்னல் செயலிக்கு வந்தோம். பொங்கல் வாழ்த்து அங்கே வந்தது. சித்திரை வருடப்பிறப்பு வாழ்த்து வாட்ஸ்அப்பில் வந்தது. இப்போது அங்கே இருப்பது நானும் அக்கா மகனும் மட்டும். சித்தப்பாவிடம் ஒருமுறை நீளமாக விளக்கினேன்: 2016 முதல் வாட்ஸ்அப்பில் இருக்கும் பூட்டும் சிக்னலின் பூட்டுதான், செய்தியை இரண்டு நிறுவனங்களுமே படிக்க முடியாது, ஆனால் யார் யாரோடு எப்போது பேசினார் போன்ற விவரங்களை வாட்ஸ்அப் திரட்ட முடியும், சிக்னல் ஏறக்குறைய எதையுமே வைத்துக்கொள்வதில்லை. பொறுமையாகக் கேட்டார். “நான் உன்னோடு பேசுகிறேன் என்பது ஊருக்கே தெரியுமே தம்பி” என்றார். என்னிடம் பதில் இல்லை.

புத்தடியிலும் போடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏலத்தின் விலை வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. அது வராமல் இந்த வேலை பார்க்க முடியாது. ஆக வாட்ஸ்அப் இருக்கிறது. தொடர்புப் பட்டியல் அனுமதியை மட்டும் பிடுங்கிவிட்டேன். என் சோதனையில் சிக்னல் செயலியும் முழு மதிப்பெண் வாங்கவில்லை. 2024இல் பயனர்பெயர் வசதி வந்து எண்ணை மறைக்க முடிகிறது என்றாலும், கணக்கு திறக்க இன்னும் போன் எண் வேண்டும். சிம் சாகும் ஊரில் இது கவலைதான். அமைப்புகளில் பதிவுப் பூட்டு என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவைக்காமல் இருக்காதீர்கள்.

மின்னஞ்சல் புரோட்டான் என்ற சேவைக்குப் போனது இந்தக் காரணத்தால்தான். பன்னிரண்டு சொற்கள் தருவார்கள்; சிம் இல்லாமலே கணக்கை மீட்கலாம். அந்தத் தாள் பீரோவில், என் மனைவியின் பட்டுச்சேலைக்கு அடியில். கடவுச்சொற்கள், அவற்றைப் பூட்டிவைக்கும் கீபாஸ் கோப்பில். அதன் சாவி மனைவிக்கும் தெரியும். ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டபிறகு, மேட்டில் கிடைக்கும் அரைகுறை இணைப்பிலும் செய்தித்தாள் திறக்கிறது. விசைப்பலகைக்கு, தமிழும் மலையாளமும் சேர்ந்த இண்டிக் கீபோர்டு. பேசினால் தமிழில் எழுதிக்கொள்ளும் வசதிக்கு மட்டும் கூகுள் விசைப்பலகைக்குத் திரும்பிவிடுகிறேன். நான் பார்த்தவரை அதற்கு இணையான கட்டற்ற மாற்று எதுவும் இல்லை.

யு.பி.ஐ.க்கும் இல்லை. அது சிம்மோடும் வங்கியோடும் கட்டிப்போட்ட மாடு. பிளே ஸ்டோரிலிருந்து வரும் வழக்கமான செயலிதான். ஆகவே போனிலிருந்து கூகுளை முழுதாகத் துடைத்தெறியும் முயற்சியில் நான் இறங்கவே இல்லை. வாரச் சம்பளத்தில் பாதி இப்போது அதில்தான் போகிறது. சிக்னல் இல்லாத நாளில் பழையபடி நோட்டும் சில்லறையும். ஸ்டோருக்குப் பின்னால் ஓடையைத் தாண்டிப் போகும் ஒற்றையடிப் பாதை இன்னும் வரைபடத்தில் ஏறவில்லை. மழை விடட்டும், அட்டை குறையட்டும், ஒருநாள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவிட வேண்டும்.