பழைய எம்எக்ஸ்-5-க்கு எந்த ஸ்பார்க் பிளக்: நிக்கலா, இரிடியமா?

எங்களுடைய மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், 1999-ஆம் ஆண்டு வண்டி. இரண்டாம் தலைமுறை, 1.8 லிட்டர் என்ஜின். இங்கிலாந்தில் அதை வாங்கியபோது, பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகளாக உள்ளே இரிடியம் பிளக்குகள் இருந்தன. பழைய உரிமையாளர் அதைப் பெருமையோடு சொன்னார். நல்ல பொருள், நீண்ட நாள் உழைக்கும் என்று நம்பி நான்கு ஆண்டுகள் நான் அவற்றைத் தொடவே இல்லை. பிறகு ஒரு குளிர்காலத்தில் மேட்டில் ஏறும்போது என்ஜின் திணறத் தொடங்கியது. கழற்றிப் பார்த்த அன்றே சாதாரண நிக்கல் பிளக்குக்கு மாறிவிட்டேன். மூன்று ஆண்டுகளாக அதுதான் ஓடுகிறது.

விலைக்காக மாறவில்லை. இரிடியம் ஏறத்தாழ மூன்று மடங்கு விலை. வாங்க வேண்டியது நான்கே பிளக்குகள். வேகமும் காரணமில்லை. மாற்றம் ஏதும் செய்யாத என்ஜினில் இரண்டுக்கும் எந்த வேறுபாட்டையும் நான் உணரவில்லை.

இரிடியத்தின் சிறப்பை மறுக்க முடியாது. நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸில் உருகும். இரிடியம் உருக 2,446 டிகிரி வேண்டும். அதனால்தான் சாதாரண பிளக்கில் 2.5 மில்லிமீட்டர் தடிமனாக இருக்கும் நடுமுனையை (இதற்கும் எதிரே வளைந்திருக்கும் பக்கமுனைக்கும் இடையேதான் பொறி தாவுகிறது) இரிடியத்தில் 0.6 மில்லிமீட்டர் வரை மெலிதாக்க முடிகிறது. மெலிந்த முனையில் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி தாவும்; தேய்மானமும் மெதுவாகத்தான் நடக்கும். ‘காப்பர் பிளக்’ என்று கடைகளில் கேட்கிறோமே, அதில் செம்பு உள்ளே மட்டும்தான். பொறி தாவும் பரப்பு நிக்கல் கலவை.

ஆனால் இந்த வண்டியின் பற்றவைப்பு முறை வேறு. பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயில்கள், நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இரண்டுதான். ஒன்று முதல் சிலிண்டரையும் நான்காவதையும் கவனிக்கிறது, மற்றது இரண்டையும் மூன்றையும். காயிலின் இரு நுனிகளிலும் ஒவ்வொரு பிளக். பொறி இரண்டிலும் ஒரே நேரத்தில் விழுகிறது. ஒரு பிளக்கில் மின்சாரம் பாயும் திசைக்கு மற்றதில் நேரெதிர்த் திசை. ஆகவே ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பிளக்கில் நடுமுனை அதிகம் தேய்கிறது, மற்றொன்றில் பக்கமுனை.

எங்கள் வண்டியில் இருந்த இரிடியம் பிளக்கில் அந்த விலையுயர்ந்த உலோகம் நடுமுனையில் மட்டும்தான். பக்கமுனை வெறும் நிக்கல். கழற்றியபோது இரண்டு பிளக்குகள் புதிது போல இருந்தன. மற்ற இரண்டில் நடுமுனை அப்படியே இருக்க, எதிரே பக்கமுனை குழிந்துபோய், 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 1.4-ஐ எட்டியிருந்தது. இரிடியத்துக்குக் கொடுத்த பணம் பாதி சிலிண்டர்களில் வேலையே செய்யவில்லை. முனை இரண்டிலும் பிளாட்டினம் வைத்த பிளக்குகள் இத்தகைய காயில்களுக்கென்றே வருகின்றன. அவற்றை நான் போட்டுப் பார்த்ததில்லை.

இதைவிட என்னை உலுக்கியது மூன்றாவது சிலிண்டர். பிளக் உட்காரும் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தது. என்ஜின் மேல்மூடியின் அடைப்பான கேஸ்கெட் கசிந்து, ஒயரின் ரப்பர் உறை ஊறிப் பருத்துவிட்டது. எத்தனை மாதமாகக் கசிந்ததோ! நான் ஒருமுறை ஒயரை உருவியிருந்தால் தெரிந்திருக்கும். ‘போட்டுவிட்டு மறந்துவிடலாம்’ என்பதுதான் இரிடியத்தின் ஈர்ப்பு; 25 வயது தாண்டிய என்ஜினில் மறப்பதுதான் ஆபத்து. நிக்கல் போட்டிருப்பதால் ஆண்டுக்கு ஒருமுறை நான் அதைத் திறந்தே ஆக வேண்டும். அந்தக் கட்டாயத்துக்காகவே அதை விரும்புகிறேன்.

திறந்தால் நிறைய தெரிகிறது. பீங்கான் முனை வெளிர்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நிம்மதி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் எரிகிறது, அல்லது என்ஜின் சூடாகும் முன்பே பயணம் முடிந்துவிடுகிறது. ஈரமான எண்ணெய்க் கறை என்றால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ சந்தேகிக்க வேண்டும். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அதீத வெப்பம். வண்டியை ஓட்டாமல் காரணத்தைத் தேடுங்கள். வெளிப்பீங்கானில், உலோகத்தை ஒட்டி ஒரு பழுப்பு வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். புகை கசிகிறது என்று பலரும் பதறி பிளக்கைத் தூக்கி எறிகிறார்கள். உயர் மின்னழுத்தம் சுற்றியுள்ள எண்ணெய்த் துகளை ஈர்த்துப் படியவைத்த கறை அது.

வேலையே அரை மணி நேரம்தான். 16 மில்லிமீட்டர் பிளக் சாக்கெட், ஒரு நீட்டி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் போதும். என்ஜின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். பிளக் திருகப்படும் என்ஜின் ஹெட் அலுமினியம், சூட்டில் திருகினால் மரை போய்விடும். குழியை முதலில் காற்றால் ஊதிவிடுங்கள், மணல் உள்ளே விழக் கூடாது. திரும்பப் பூட்டும்போது ரெஞ்சைத் தொடாமல் விரலாலேயே மரையைப் பிடிக்கவைக்க வேண்டும். நான் 20 நியூட்டன் மீட்டரில் நிறுத்துகிறேன். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் புது பிளக்கைக் கையால் இறுகிய பின் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள் நிறுத்திவிடலாம். ஏற்கெனவே போட்டுக் கழற்றியதற்கு வாஷர் நசுங்கிவிட்டதால், பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றே போதும். வருடாவருடம் கழற்றுகிறவர் இந்த வேறுபாட்டை மறந்தால் மரை பழுதாகும். என் வழியில் உள்ள உண்மையான குறை இதுதான்.

இடைவெளியைச் சரிசெய்வதிலும் நிக்கல் எளிது. பக்கமுனையை மெல்லத் தட்டினால் போதும். இரிடியத்தில் கேஜ் நடுமுனையில் அழுந்தினால் ஊசி போன்ற அந்த நுனி முறிந்துவிடும்.

ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள புதிய வண்டிகளுக்கு இதைச் சொல்ல மாட்டேன். டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் போன்றவற்றில் சிலிண்டர்கள் பக்கவாட்டில் படுத்திருக்கின்றன. பிளக்கைத் தொடவே பேட்டரியையும் காற்று வடிகட்டிப் பெட்டியையும் இறக்க வேண்டும். நண்பரின் வண்டியில் ஒருமுறை உதவியதே எனக்குப் போதும்; அங்கே இரிடியம்தான் சரி. டர்போ பொருத்திய எம்எக்ஸ்-5-இல் நான் கைவைத்ததில்லை, ஆகவே அதற்கும் இந்த முடிவை நீட்டவில்லை.

இந்த வசந்தத்தில் மூன்றாவது முறையாகக் கழற்றினேன். குழிகள் நான்கும் காய்ந்திருந்தன. இரண்டு பிளக்கில் இடைவெளி 1.1, இரண்டில் 1.2, பக்கமுனை தேய்ந்தவை முன்பு தேய்ந்த அதே சிலிண்டர்களில். தட்டிச் சரிசெய்து திரும்பப் போட்டிருக்கிறேன்.