பெயரை மறைப்பதும் பெயரைச் சொல்வதும்

தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடுகளைக் கொண்டுவரும் விவசாயிக்கு, அந்தப் பட்டு எந்த நாட்டு மேடையில் எந்தப் பெயரோடு ஏறுகிறது என்று அறிய வழியில்லை. ஆயினும், ஆசிய உடைமரபுகளை மேற்கத்திய ஃபேஷன் நிறுவனங்கள் கையாளும் இரு முறைகளை அவருடைய இடத்தில் நின்றே எடைபோட வேண்டும் என்று கருதுகிறேன்.

2025 ஜூனில் பிராடா நிறுவனம் மிலான் நகரில் காட்டிய செருப்புகள், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கோலாப்பூர் செருப்புகளைப் போலவே இருந்தும், அவற்றின் இந்திய மூலம் குறிப்பிடப்படவில்லை. கண்டனம் எழுந்த பின்னரே நிறுவனம் அதை ஒப்புக்கொண்டது. குச்சி (Gucci) நிறுவனம் 2018-இல் சீக்கியரின் தலைப்பாகையை ஒத்த ஒன்றை மாடல்களுக்கு அணிவித்ததும், மறு ஆண்டு அது ஏறத்தாழ 790 டாலர் விலையில் விற்பனைக்கு வந்ததும் இன்னும் வேதனையானவை, ஏனெனில் அது சமய நெறியோடு பிணைந்த அடையாளம்.

டியோர் நிறுவனமோ, பல்லாண்டுகளாகத் தனக்குப் பூவேலை செய்துவரும் மும்பையின் சாணக்யா பட்டறையைப் பெயர் சொல்லிப் போற்றி, 2023 மார்ச்சில் இந்திய நுழைவாயிலின் முன்னேயே தன் உடைகளைக் காட்சிப்படுத்தியது. இம்முறையே மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் பாராட்டு மேடையோடு நின்றுவிடாமல், ஊசி பிடித்தவரின் கூலியிலும் கூடு வளர்த்தவரின் கொள்முதல் விலையிலும் தெரிய வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.