பேட்டரிக்குள் எந்தப் பசை: பிவிடிஎஃப்பா, சிஎம்சியா?

செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பாருங்கள். பளிங்கு போல வழுக்கும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்த பூச்சு அது. லித்தியம் அயான் பேட்டரிக்குள்ளும் இப்படியொரு பிடிமானம் வேண்டும். மின்முனைப் பொடியை உலோகத் தகட்டில் நிறுத்த, எடையில் சில சதவீதம் பசை சேர்ப்பார்கள். 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்கும் காரைக்குடிக்கு இந்தப் பேச்சு அந்நியமல்ல.

முதல் பசையான பிவிடிஎஃப் (பாலிவினைலிடீன் ஃப்ளூரைடு), ஃப்ளூரின் கலந்த பாலிமர். கார்பன்–ஃப்ளூரின் பிணைப்பு லேசில் உடையாது. நேர்முனையில் 4 வோல்ட்டைத் தாண்டினாலும் தாக்குப்பிடிக்கும். தொல்லையெல்லாம் கரைப்பானில்தான். தண்ணீரில் கரையாது, கரைத்துப் பூச என்எம்பி என்ற கரிமக் கரைப்பான் வேண்டும். அதுவோ 202 டிகிரியில் கொதிப்பது, வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு செய்யக்கூடியது. ஆவியை வெளியே விடாமல் பிடித்துத் திரும்ப எடுக்க வேண்டும். கரண்ட் செலவு எகிறும்.

சிஎம்சி (கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்), தாவர நாரான செல்லுலோஸிலிருந்து வருவது. கண்டாங்கிச் சேலைக்குப் போடும் கஞ்சிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். தண்ணீரே போதும். கூடவே எஸ்பிஆர் என்ற செயற்கை ரப்பரும் சேர்ந்தால் வளைந்து கொடுக்கும். கிராஃபைட் எதிர்முனையில் இந்த ஜோடி எப்போதோ ஜெயித்துவிட்டது.

நேர்முனையில் கதை வேறு. நிக்கல் அதிகமுள்ள பொடி, தண்ணீர் பட்டால் லித்தியத்தைக் கசியவிடும். கலவை காரமாகி அலுமினியத் தகட்டை அரிக்கும். அங்கே என் ஓட்டு இன்னும் பிவிடிஎஃப்புக்கே. இரும்பு பாஸ்பேட் நேர்முனை என்றால், தண்ணீர்ப் பசையைத் துணிந்து பார்க்கலாம்.