அக்கா இல்லாத சனிக்கிழமைகள்: வேதத்தை நாமே படிக்க எந்த முறை கைகொடுக்கும்?

பெரம்பூரில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில் சனிக்கிழமை நாலு மணிக்குக் கூடும் பெண்கள் ஐக்கியம் எங்களுடையது. மொத்தம் 14 பேர். பல வருஷமாக ஒரே அக்காதான் வேதபாடம் எடுத்தார். நாங்கள் கேட்போம், தலையாட்டுவோம், ஜெபக்குறிப்பு சொல்வோம், சுண்டல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். போன வருஷம் அவர் மகளுக்குப் பிரசவம். மூன்று மாதம் ஓசூரில் இருந்தாக வேண்டும். "நீங்களே படிங்கம்மா, அதுக்குத்தானே பைபிள் வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டார்.

முதல் சனிக்கிழமை ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் யாரோ டிவியில் யூடியூப் செய்தி ஒன்றைப் போட்டார்கள். 50 நிமிஷம். நல்ல பேச்சு, அழக்கூட வைத்தது. முடிந்ததும், "எந்தப் பகுதியில இருந்து பேசினார்?" என்று தையல்கடை அக்கா கேட்டார். ஒருத்திக்கும் ஞாபகம் இல்லை. எனக்கும்தான்.

அன்றிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக நாலு முறைகளைப் போட்டுப் பார்த்தோம். எந்த முறை நன்றாயிருக்கிறது என்பதைவிட, செவ்வாய்க்கிழமை மதியம் வீட்டில் தனியாக உட்கார்ந்து வேதத்தைத் திறந்தால் எது கைகொடுக்கிறது என்றுதான் நான் பார்த்தேன். கீழே இருப்பது அந்தக் கணக்கு.

தினதியானப் புத்தகம்

ஒரு வசனம், ஒரு பக்கத்துக்குக் கதை, ஒரு குட்டி ஜெபம். ஆறு நிமிஷத்தில் முடிந்துவிடும். காலையில் குக்கர் நாலு விசில் அடிப்பதற்குள் முடிக்கக்கூடியது இது ஒன்றுதான், அதனால் இதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. ஆனால் படிப்பவர் அந்தப் புத்தகத்தை எழுதியவர், நாம் அல்ல. ஸ்கிரிப்சர் யூனியன் என்ற வேதவாசிப்பு இயக்கம் 1879-ல் வாசிப்பைத் தொடங்கியபோது கொடுத்தது, இன்றைக்கு எந்தப் பகுதி என்று சொல்லும் அட்டைதான். படிக்கிற வேலை நம்முடையது. அந்த அட்டை எனக்குப் பிடித்திருக்கிறது. கதைதான் வசனத்தை விழுங்கிவிடுகிறது. பழக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். படிப்பு என்று சொல்ல முடியாது.

கேள்விப் புத்தகம்

இதற்குப் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு. சீனாவில் மிஷனரியாக இருந்து திரும்பிய வெதரல் ஜான்சன் அம்மாவிடம், 1952-ல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ஐந்து பெண்கள் வந்து கொலோசெயர் நிருபத்தைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். அவருக்கு ஊட்டிவிடுவதில் இஷ்டமில்லை. கேள்விகளை எழுதிக் கொடுத்து, முதலில் நீங்கள் வீட்டில் படித்துப் பதில் எழுதி வாருங்கள், அப்புறம் நான் பேசுகிறேன் என்றார். பைபிள் ஸ்டடி ஃபெல்லோஷிப் அப்படித்தான் பிறந்தது. இன்றைக்கும் அதே வரிசைதான்: முதலில் தனியாகக் கேள்வி, பிறகு குழுவில் பேச்சு, பிறகு பிரசங்கம், கடைசியில் குறிப்பு. அந்த வரிசையில்தான் அந்த அம்மாவின் சாமர்த்தியம் இருக்கிறது.

நாங்கள் வாங்கியது வேறு ஒரு சின்னக் கேள்விப் புத்தகம். ஐந்து வாரம் ஓடியது. ஒரு பெரிய நன்மை நடந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் வாயே திறக்காத மூன்று பேர் பேசினார்கள். கையில் எழுதிய பதில் இருந்ததால் தைரியம். வாசித்தால் போதும், யோசித்துப் பேச வேண்டாம். எந்த மேடைப் பேச்சும் இதைச் செய்திருக்காது.

ஆனால் ரிடையர்ட் டீச்சர் ஆன்ட்டி சிவப்புப் பேனாவில் டிக் போட ஆரம்பித்ததும் அது பரீட்சை ஆகிவிட்டது. ஒருவர் 29சி பஸ்ஸில் வரும்போதே இன்னொருவருடையதைப் பார்த்து எழுதுவதை நானே பார்த்தேன். (நான் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுக்கும் தகுதியும் எனக்கு இல்லை.) அடைப்புக்குறிக்குள் வசன எண் இருக்கும், அந்த வரியைப் பெயர்த்து எழுதினால் பதில் சரி. மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. மொழிபெயர்ப்புத் தமிழ் வேறு படுத்திற்று. 'இந்தப் பகுதி உங்களுக்கு எவ்வாறு சவால் விடுகிறது?' என்று ஒரு கேள்வி. தையல்கடை அக்கா நிமிர்ந்து, "யாரு யாருக்கு சவால் விட்டாங்க, சண்டை எங்க வருது?" என்று நிஜமாகவே தேடினார்.

புத்தகம் முடிந்த வாரம் நான் வீட்டில் மாற்கு நாலாம் அதிகாரத்தைத் திறந்தேன். கேள்வி இல்லாமல் எனக்கு ஒன்றுமே கேட்கத் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமைப் பரீட்சையில் ஃபெயில்.

மூன்று குறி

பல்பு, கேள்விக்குறி, அம்புக்குறி. பளிச்சென்று பட்டதற்குப் பல்பு, புரியாததற்குக் கேள்விக்குறி, நான் செய்ய வேண்டியதற்கு அம்பு. மாணவர் ஊழியத்தில் இருந்த ஏடா லம் என்பவர் ஸ்வீடன் மாணவர்களிடம் இதைப் பார்த்து 'ஸ்வீடிஷ் முறை' என்று பெயர் வைத்தார். புத்தகம் வேண்டாம், பணம் வேண்டாம், தலைவி வேண்டாம். மடியில் குழந்தையோடு வருகிறவர்களுக்கு இதைவிட லேசானது இல்லை. கேள்விக்குறி போடலாம் என்று அனுமதி கிடைத்ததே எங்களில் பலருக்குப் புதிது. வேதத்தில் புரியவில்லை என்று சொல்வது விசுவாசக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சறுக்கியது அம்பில்தான். மூன்றாவது வாரத்திலேயே எல்லாருடைய அம்பும் ஒரே பக்கம் போனது: 'நான் இன்னும் அதிகமாக ஜெபிக்க வேண்டும்.' எந்தப் பகுதியைப் படித்தாலும் அதே பதில். அப்படியானால் பகுதியை வாசித்திருக்கவே வேண்டாமே.

பென்சில்

கடைசியாகத்தான் இதற்கு வந்தோம். ஆங்கிலத்தில் 'இன்டக்டிவ்' என்கிறார்கள். கல்லூரியில் இ.யூ. என்ற கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தின் கூட்டங்களுக்குப் போன தங்கச்சிகளுக்கு இது பழகின சங்கதி. எங்கள் வாயில் அது 'பென்சில் முறை' ஆகிவிட்டது. மூன்றே கேள்வி: என்ன எழுதியிருக்கிறது? அதற்கு என்ன அர்த்தம்? நான் என்ன செய்ய வேண்டும்? முதல் கேள்வியிலேயே முக்கால்வாசி நேரத்தைச் செலவழிக்க வேண்டும் என்பதுதான் இதன் கண்டிப்பு.

ரூத் புத்தகத்தை எடுத்தோம். 4 அதிகாரம், 85 வசனம். மாமியார் நகோமி, மருமகள் ரூத் கதை என்பதால் ஆர்வத்துக்கும் பஞ்சமில்லை. வசனங்களை வரிக்கு வரி இடம்விட்டு அச்சடித்து ஜெராக்ஸ் எடுத்தோம். வேதப்புத்தகத்தில் கிறுக்க எங்களில் பாதிப்பேருக்குக் கை வராது, தாளில் வரும். திரும்பத் திரும்ப வரும் சொல்லை வட்டமிடு, இடத்தின் பெயருக்குக் கோடு போடு, 'ஆகையால்', 'ஆனாலும்' வந்தால் நில். அவ்வளவுதான் விதி.

முதல் அதிகாரத்தில் எல்லார் தாளிலும் 'திரும்பி', 'திரும்பிப்போ' என்று வட்டங்களாக நிறைந்துவிட்டன. எபிரெயத்தில் அந்த ஒரு அதிகாரத்தில் மட்டும் அந்த வினை 12 முறை வருகிறதாம். இதை நான் பிறகு ஒரு விளக்கவுரையில் பார்த்தேன். நாங்கள் வட்டமிட்டுக் கண்டுபிடித்த பிறகு பார்த்ததால் அது செய்தியாக இல்லை, ஒரு கைகுலுக்கல் மாதிரி இருந்தது.

மூன்றாம் அதிகாரம் வந்த சனிக்கிழமையை மறக்க முடியாது. தையல்கடை அக்கா படித்தது எட்டாம் வகுப்பு வரை. வயல்காரர் போவாஸ் ரூத்துக்கு ஆறுபடி வாற்கோதுமை கொடுத்து அனுப்புகிற இடம். ரூத் வந்து மாமியாரிடம் சொல்கிறாள்: 'நீ உன் மாமியாரண்டைக்கு வெறுமையாய்ப் போகவேண்டாம்' என்று சொல்லிக் கொடுத்தார் என்று. அக்கா பென்சிலை வைத்துவிட்டுப் பழைய தாளைத் தேடினார். முதல் தாளைக் கண்டுபிடித்து, விரலை வைத்து, மெதுவாக வாசித்தார்: "கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார்." நகோமி முதல் அதிகாரத்தில் சொன்னது. "இங்க வெறுமையாய் வந்தேன்னு அழுதா இல்ல? அங்க வெறுமையாய்ப் போகாதன்னு அனுப்பறார் பாரு. அந்த அம்மா சொன்னதுக்கு இது பதில்."

அறை ஒரு நிமிஷம் அப்படியே இருந்தது. கீழே ஆட்டோ ஹாரன் மட்டும். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இது என் மேல் விழுந்த அடியும்கூட: நான் டிகிரி படித்தவள், அந்த இரண்டு வரியையும் பலமுறை வாசித்திருக்கிறேன்.

இன்னொரு நாள் இதே முறை ஒருவரைக் காயப்படுத்தியது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையை ஒரு சிஸ்டர் ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தார். எரேமியா 29:11, எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்கிற வசனம். அவர் கேட்டதால் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படித்தோம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய நிருபம். பத்தாம் வசனத்தில், எழுபது வருஷம் கழித்துத்தான் திரும்பக் கூட்டிவருவேன் என்றிருக்கிறது. "அப்ப இந்தக் கடிதாசிய வாங்கினவங்கள்ல பாதிப்பேர் அதைப் பார்க்கவே மாட்டாங்களே" என்று யாரோ பட்டென்று சொன்னார்கள். அடுத்த வாரம் அந்த சிஸ்டர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்து, ஐந்தாம் வசனத்தைக் காட்டினார்: வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள். மகனின் விசா வரட்டும் என்று இரண்டு வருஷமாக வீட்டுக்கு வெள்ளையடிக்காமல் வைத்திருந்தவர், இந்த மாதம் ஆள் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னார். அட்டையைக் கழற்றவில்லை. கழற்ற வேண்டும் என்று நாங்களும் சொல்லவில்லை.

பென்சில் மட்டும் போதாத இடம்

'வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே' என்ற மத்தேயு 11:28 சென்னையில் எத்தனை சுவர்களில் இருக்கிறது! அதில் எல்லாரும் 'வருத்தம்' என்றால் துக்கம் என்றே எழுதினோம். ஒருத்தி மட்டும் ஆங்கில மீடியம். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தடுமாறுவாள். அவள் கையில் ஆங்கில பைபிள். "இதுல சோகம் எதுவும் இல்லையே, உழைச்சுக் களைச்சுப் போனவங்கன்னு இருக்கே" என்றாள். புது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைப் புரட்டினால் 'பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே' என்கிறது. டீச்சர் ஆன்ட்டிதான் முடிச்சை அவிழ்த்தார்: "மெய்வருத்தக் கூலி தரும்னு குறள்ல படிக்கலையா? அந்த வருத்தம்டி." பழைய தமிழில் வருத்தம் என்றால் உடம்பு நோகப் பாடுபடுவது. வீட்டு வேலையும் ஆபீஸ் வேலையும் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு அந்த அர்த்தம் எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் கையில் வைத்திருப்பது 1871-ல் வந்த, ஹென்றி பவர் என்ற பாதிரியாரின் குழு திருத்திய மொழிபெயர்ப்பு. அதற்கும் அடியில் இருப்பது, எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரத்தில் இருக்கும் வேப்பேரியில் 18-ஆம் நூற்றாண்டில் உட்கார்ந்து ஃபப்ரிஷியஸ் என்ற ஜெர்மன் மிஷனரி செய்த வேலை. அந்தத் தமிழ் காதில் விழுந்தால்தான் எனக்கு ஜெபமே வரும். ஆனால் ஒன்றரை நூற்றாண்டில் சொற்கள் இடம் மாறிவிட்டன. எனவே பழைய மொழிபெயர்ப்பில் வட்டமிடு, 1995-ல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியத்தில் சரிபார் என்று வைத்துக்கொண்டோம். 'அது கத்தோலிக்க பைபிள்' என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வாசித்துப் பார்த்ததும் அடங்கியது, முழுசாக அல்ல.

யார் எதை எடுக்கலாம்

புதிதாகக் கூடும் குழுவானால், வாய் திறக்காதவர்கள் அதிகமானால், கேள்விப் புத்தகத்தில் தொடங்குங்கள். ஆனால் ஐந்தாறு வாரத்துக்கு மேல் வேண்டாம். சிவப்புப் பேனா அறவே வேண்டாம். நேரமே இல்லாத இளம் தாய்மாருக்கு மூன்று குறி. ஆனால் அம்புக்குப் பக்கத்தில் வசன எண் எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். 'ஆண்டவர் என்னோடு பேசினார்' என்று யாராவது சொன்னாலும் நாங்கள் இப்போது கேட்கும் ஒரே கேள்வி, "எந்த வசனத்துல?" முதலில் இது மரியாதைக் குறைவாகப் பட்டது. இப்போது யாரும் கோபித்துக்கொள்வதில்லை. யூடியூபும் விளக்கவுரையும் நாம் படித்து முடித்த பிறகு. முன்னால் கேட்டால், பிறகு பேசியவர் கண்ணால்தான் பார்ப்போம்.

எழுதப் படிக்கத் தெரியாத ஆயா ஒருவர் எங்களோடு இருக்கிறார். அவருக்குப் பென்சில் உதவாது. பகுதியை மூன்று முறை உரக்க வாசிப்போம். திரும்பி வரும் சொல்லைத் தாளில் தேடும் எங்களைவிட, காதால் அவர் பல தடவை முந்திக்கொள்கிறார்.

என் ஓட்டு பென்சிலுக்கு. மெதுவாகப் போகும், சில வாரம் ஒன்றுமே அகப்படாது, எட்டு வசனத்தோடு டீ ஆறிப்போகும். ஆனாலும் செவ்வாய்க்கிழமை மதியம் என்னை மேஜையில் உட்கார வைத்தது இது ஒன்றுதான்.

அக்கா பேரப்பிள்ளையோடு திரும்பி வந்துவிட்டார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர் பேசுகிறார், மற்ற மூன்றிலும் அவருக்கும் ஒரு தாள். குறுக்கே பேசாமல் இருக்க அவர் படும் பாட்டைப் பார்க்க எங்களுக்கே பாவமாக இருக்கிறது. அடுத்தது பிலிப்பியர்: 4 அதிகாரம், 104 வசனம். ஜெராக்ஸ் எடுக்க வேண்டியது இந்த முறை நான். போன தடவை ஓரத்தில் இடம் பத்தவில்லை என்று தையல்கடை அக்கா இரண்டு முறை சொல்லிவிட்டார்.