தடுப்பூசி நஷ்டஈட்டு வழக்கா? வக்கீலுக்குப் பங்கு எழுதிக் கொடுக்காதீர்கள்

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் யாராவது தடுப்பூசியால் பாதிக்கப்பட்டு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடப் போகிறீர்கள் என்றால், "கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு தருகிறேன்" என்று எந்த வக்கீலிடமும் கையெழுத்துப் போடாதீர்கள். கார் விபத்து வழக்கில் அது சகஜம். இதில் சட்டப்படி வாங்கவே கூடாது. எங்களிடம் ஒருவர் வாங்கப் பார்த்தார்.

என் மனைவிக்கு மருந்துக்கடையில் ஃப்ளூ ஊசி போட்டார்கள். தசையில் இறங்க வேண்டியதைத் தோள்பட்டையில் ரொம்ப மேலே குத்திவிட்டார்கள். ராத்திரியே வலி ஆரம்பித்துவிட்டது, மறுநாள் தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. அப்புறம் எம்ஆர்ஐ, ஸ்டீராய்டு ஊசி, மாதக்கணக்கில் பிசியோதெரபி. இதற்கு சிர்வா என்று பெயர், 2017-இல் இருந்து மத்திய அரசின் நஷ்டஈட்டுப் பட்டியலிலேயே இருக்கிறது. வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும், பாதிப்பு பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். ஊசி மேல் எங்களுக்குக் கோபம் இல்லை, இப்போதும் வருஷா வருஷம் போட்டுக்கொள்கிறோம்.

இந்த வழக்கை மருந்து கம்பெனி மேல் போடுவதில்லை. 1986-இல் வந்த சட்டப்படி, வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் கிளெய்ம்ஸ் கோர்ட்டில், இந்த வழக்குகளை விசாரித்து முடிவு சொல்லும் ஸ்பெஷல் மாஸ்டர் முன்னால், மத்திய அரசின் சுகாதாரத்துறைச் செயலர் மேல் போடுவது. ஒவ்வொரு டோஸுக்கும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் என்று வரி பிடித்து ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். நஷ்டஈடு அதிலிருந்துதான் வருகிறது, வக்கீல் ஃபீஸும் அதே நிதியிலிருந்து தனியாக வருகிறது. தோற்றால் கூட, நல்லெண்ணத்தோடும் தகுந்த முகாந்திரத்தோடும் போட்ட வழக்கு என்றால் வக்கீல் ஃபீஸை கோர்ட்டே கொடுக்கலாம். அதாவது நம் பணத்தில் அவர் கை வைக்க ஒரு காரணமும் இல்லை.

எங்களுக்குக் கிடைத்தவர் விபத்து வழக்கு பார்க்கிறவர். தன் வழக்கமான ஒப்பந்தத்தையே நீட்டினார், வழக்குப் பதிவுக் கட்டணத்தையும் எங்களிடமே வாங்கினார், ஃபீஸை கோர்ட் தரும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கு சமரசத்தில் முடிந்து செக் அவர் ஆபீசுக்கு வந்தது, என் மனைவி பெயரில் மட்டும். பங்கு தருவதாக மறுபடி எழுதிக் கொடுத்தால்தான் செக் என்று உட்கார்ந்துவிட்டார். அதற்குள் அவர் போட்ட ஃபீஸ் மனுவை ஸ்பெஷல் மாஸ்டர் வரிவரியாகப் பார்த்து, கோப்பு அடுக்கியது, ஃபேக்ஸ் அனுப்பியது மாதிரி குமாஸ்தா வேலைக்கு எழுதிய மணிநேரத்தையெல்லாம் வெட்டியிருக்கிறார். உடனே எங்களுக்கு ஒரு பில் வந்தது, கோர்ட் வெட்டிய தொகையை நாங்கள் கட்ட வேண்டுமாம்!

அந்த உத்தரவைத் தேடி எடுத்துப் படித்தோம். அடிக்குறிப்பிலேயே இருக்கிறது: இந்தத் தொகை எல்லாச் சட்டச் செலவையும் சேர்த்தது, இதற்கு மேல் வக்கீல் கட்சிக்காரரிடம் ஃபீஸோ செலவோ வாங்க அந்த 1986 சட்டத்தின் 15(இ)(3) பிரிவு தடை விதிக்கிறது. இதோடு நாங்கள் கட்டிய பதிவுக் கட்டணத்தைத் தன் செலவு என்று காட்டி அதையும் கோர்ட்டிடம் வாங்கியிருந்தார். கட்சிக்காரர் கைக்காசு எதுவும் போடவில்லை என்று எங்களைக் கேட்காமலேயே மனுவில் எழுதியிருந்தார். வயிறு எரிந்தது.

அந்தப் பிரிவை அப்படியே எடுத்தெழுதி, ஸ்பெஷல் மாஸ்டருக்கும் வக்கீல்கள் மேல் புகார் விசாரிக்கும் மாநில பார் அமைப்புக்கும் எழுதுவோம் என்று கடிதம் அனுப்பினோம். செக் முழுசாக கூரியரில் வந்தது, பில் பற்றிப் பேச்சே இல்லை. பதிவுக் கட்டணம் இன்னும் வரவில்லை, அதற்குத்தான் புகார் கொடுத்திருக்கிறோம்.

நீங்கள் வக்கீல் தேடினால் அந்த கோர்ட்டின் இணையதளத்திலேயே தடுப்பூசி வழக்கு பார்க்கும் வக்கீல்கள் பட்டியல் இருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள். ஒப்பந்தத்தில் சதவீதம் என்று எதாவது இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ரொம்ப யோசித்துக்கொண்டும் இருக்காதீர்கள், முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம்தான் கெடு. கோவிட் ஊசி மட்டும் இதில் சேராது. அது வேறு திட்டம், ஊசி போட்டு ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும், அங்கே வக்கீல் ஃபீஸை அரசு தருவதில்லை, வக்கீல் வைத்தால் நம் கைக்காசுதான்.