ருசி பார்க்கத் தருவது ஒன்று, பெட்டியில் கட்டுவது வேறு

உணவுத் திருவிழாவில் இனிப்பு வாங்குபவர்கள் கவனத்துக்கு. சென்னையில் வார இறுதியில் நடந்த ஒன்றில், நண்பரும் நானும் ஸ்டால் ஸ்டாலாக ருசி பார்த்தபோது மாட்டிய தில்லாலங்கடிகள் இவை. ஸ்டால் பெயர் போட்டுப் பயனில்லை, அடுத்த ஊரில் வேறு பேனர் கட்டுவார்கள்.

பால்கோவாவில்தான் பெரிய ஏமாற்று. ஸ்பூன் நுனியில் நீட்டியது அசல் சரக்கு: லேசான பழுப்பு, மணல் மணலாக, வாயில் கரைந்தது. நண்பர் அரைக் கிலோ கேட்டதும் மேசைக்கு அடியில் இருந்த டப்பாவிலிருந்து அள்ளிக் கட்டினார்கள். கேட்டால், "எல்லாம் ஒரே சரக்குதான் சார்." பெட்டியைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று வழவழப்பு, தின்றால் மேல் அண்ணத்தில் பிசின் மாதிரி ஒட்டியது. அப்படி ஒட்டினால் டால்டா சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். அது வாய்ச்சூட்டில் நெய்போல் சட்டென்று உருகாது.

ஏன் கலக்கிறார்கள் என்பதற்குக் கணக்கு எளிது. 10 லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சி ஒன்றேகால் கிலோ சர்க்கரை போட்டால் சுமார் 3 கிலோ பால்கோவாதான் தேறும். கிலோவுக்கு மூன்று லிட்டருக்கு மேல் பால். உங்கள் ஊர்ப் பால் விலையால் பெருக்கிப் பாருங்கள். ஸ்டால் விலை அதைத் தொடவில்லை என்றால் மைதாவோ பால் பவுடரோ உள்ளே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. பேனரில் ஊர்ப் பெயர் இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வீட்டில் சோதிக்க: ஒரு சிட்டிகை பால்கோவாவைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறியபின் டிங்சர் அயோடின் இரண்டு சொட்டு விடுங்கள். கருநீலமானால் மாவு உண்டு. சூட்டோடு விட்டால் நிறம் தெரியாது. அல்வாவில் இந்தச் சோதனை செல்லாது, அதுவே கோதுமைப் பாலில் கிண்டுவது. அல்வாவுக்கு நிறத்தைப் பாருங்கள். திருநெல்வேலிப் பழுப்பு, சர்க்கரை முறுகி வருவது. பளிச்சென்று ஆரஞ்சாக இருந்தால் அது கலர்ப் பொடி.

அடுத்து ஜிகர்தண்டா. பாதாம் பிசினை இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும், பாலைச் சுண்டக் காய்ச்ச வேண்டும். கூட்டத்தில் யாருக்குப் பொறுமை? கடல்பாசியை வெட்டிப் போட்டு, பச்சைப் பாலும் நன்னாரி சிரப்புக்குப் பதில் ரோஸ் சிரப்பும் ஊற்றி, பாதி டம்ளருக்கு ஐஸ் நிரப்பித் தருகிறார்கள். ஸ்பூனில் ஒரு துண்டை எடுங்கள். கத்தி வெட்டிய ஓரம் தெரிந்தால் கடல்பாசி, கடித்தால் நொறுங்கும். பிசினுக்கு ஓரமே கிடையாது, கண்ணாடிபோல் தெளிந்து ஒழுங்கில்லாத கட்டிகளாக வழுக்கிக்கொண்டு போகும். குடித்து முடித்ததும் நாக்கு சிவந்திருந்தால் அது நன்னாரி அல்ல, சாயம்.

ஐஸைப் பற்றி ஒன்று. சாப்பிட உதவாத ஐஸில் நீலச் சாயம் கலக்க வேண்டும் என்பது விதி. நீலம் இல்லாததால் மட்டும் நல்ல ஐஸ் ஆகிவிடாது. கோணியில் சுற்றித் தரையில் போட்டு உடைப்பதைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். ஜிகர்தண்டாவுக்கு ஐஸ்கட்டியே தேவையில்லை. பால், பாசந்தி, ஐஸ்கிரீம் எல்லாமே குளிர்ந்தவை.

எடையில் பெட்டியையும் சேர்த்துப் போட்டார்கள். அட்டைப் பெட்டி 50 கிராம் என்றால், கிலோ 600 ரூபாய் இனிப்பில் 30 ரூபாய் அட்டைக்குப் போகிறது. காலிப் பெட்டியை வைத்துத் தராசை பூஜ்யமாக்கச் சொல்லுங்கள். ஸ்டால்களில் பணத்துக்குப் பதிலாகத் தேய்க்கும் திருவிழா கார்டில் மொத்தமாகப் பணம் ஏற்றாதீர்கள், மிச்சம் திரும்பாது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது.

வாங்கும் முன் சொல்ல வேண்டியது ஒன்றே: "சாம்பிள் கொடுத்த தட்டிலிருந்தே கட்டுங்க." மறுத்தால் வாங்காதீர்கள். உதிரி இனிப்புத் தட்டில் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும், 2020 அக்டோபர் முதல் கட்டாயம். நாங்கள் பார்த்த தட்டுகளில் அது இல்லை.

புகாருக்கு, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. நுகர்வோர் உதவிக்கு 1915. ஞாயிறு இரவே ஸ்டாலைப் பிரித்துவிடுவார்கள், அதனால் மைதானத்தை விட்டுக் கிளம்பும் முன்பே பேனர், 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணைய) உரிம எண், தட்டு, ரசீது எல்லாவற்றையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். எண் ஒட்டியிருக்கவில்லை என்றால் அந்த வெற்றிடத்தையும் சேர்த்து எடுங்கள்.