எ கிறிஸ்துமஸ் கேரல்: வாங்கினால் முழுப் பதிப்பாக வாங்குங்கள்

தர்மபுரியில் ஒரு பைனான்ஸில் கணக்கு எழுதுகிறேன். அதனாலோ என்னவோ, சார்லஸ் டிக்கன்ஸின் இந்தக் கதையில் கடன் கொடுக்கும் கஞ்ச முதலாளி ஸ்க்ரூஜுக்கு முன்னால் அவருடைய குமாஸ்தா பாப் கிராட்சிட்தான் மனதில் உட்கார்ந்துவிட்டார். வாரம் 15 ஷில்லிங் சம்பளம். கணப்புக்கான கரிப்பெட்டி முதலாளி அறையில் இருக்கும். எடுக்கப் போனால் வேலை போய்விடும். பாவம், மெழுகுவர்த்தியில் குளிர்காய்ந்து பார்க்கிறார்.

நான் வாங்கியது ஆங்கில பேப்பர்பேக். முழுக்கதையும் இருக்கிறது, ஜான் லீச் வரைந்த எட்டுப் படங்களும் இருக்கின்றன. 1843 முதல் பதிப்பில் நான்கு படங்களுக்குக் கையாலேயே வண்ணம் பூசியிருந்தார்கள்; இதில் எல்லாமே கறுப்பு வெள்ளை. தாள் மெலிசு, பின்பக்க எழுத்து தெரிகிறது. பழைய ஆங்கிலச் சொற்களுக்குக் குறிப்பு எதுவும் இல்லாததால் முதல் அத்தியாயம் கொஞ்சம் இழுக்கும். மார்லியின் ஆவி வந்ததும் சரியாகிவிடும். செத்து ஏழு வருஷமான, ஸ்க்ரூஜின் அந்தத் தொழில் கூட்டாளி இழுத்து வரும் சங்கிலியைப் பாருங்கள்: கல்லாப்பெட்டி, சாவி, பூட்டு, பேரேடு, பத்திரம். எல்லாம் என் மேஜையில் தினமும் கிடக்கிற சாமான்கள். அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி படித்தேன்.

பிள்ளைகளுக்கான சுருக்கப் பதிப்பு ஒன்றும் எங்கள் வீட்டில் உண்டு. மூன்று ஆவிகள், ஊன்றுகோலோடு பாப்பின் மகன் டைனி டிம், வான்கோழி எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் கரோலின் இல்லை. எதிர்காலத்தைக் காட்டும் கடைசி ஆவி, ஸ்க்ரூஜுக்கு அவருடைய சாவையே காட்டுகிறது. யாருடையது என்று தெரியாமல் அவர் கேட்கிறார்: இந்தச் சாவுக்காக மனம் அசைந்த ஒருவரையாவது காட்டு. ஆவி அவரிடம் கடன் வாங்கிய ஒரு வீட்டைக் காட்டுகிறது. கடனுக்கு அவகாசம் கேட்டுப் போன கணவன் திரும்பி வந்து, கடன் கொடுத்தவர் இறந்துவிட்டார் என்கிறான். மனைவி கரோலினுக்கு முதலில் வருவது நிம்மதி. அடுத்த நொடியே அதற்காக மன்னிப்பும் வேண்டிக்கொள்கிறாள். பாப்பாரப்பட்டி, பென்னாகரம் பக்கமிருந்து தவணை கட்ட வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ரசீது கைக்கு வரும்வரை பலர் உட்காரவே மாட்டார்கள். அந்த முகங்கள் தெரிந்தவனுக்கு இந்த இரண்டு பக்கம் கல்லறைக் காட்சியைவிடக் கனமானது. ஸ்க்ரூஜ் ஏன் மாறினார் என்பதற்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது. இதை வெட்டினால் அவர் சாவுக்குப் பயந்து திருந்தியது போல ஆகிவிடுகிறது.

திருந்தியபின் நடப்பதையும் டிக்கன்ஸ் வளர்த்தவில்லை. மறுநாள் பாப் 18½ நிமிடம் தாமதமாக வருகிறார். ஸ்க்ரூஜ் சம்பளத்தை உயர்த்துகிறார், முதல் வேலையாகப் புதுக் கரிப்பெட்டி வாங்கி வரச் சொல்கிறார். எனக்கு அது போதும்.

ஓரளவு ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கித் தரலாம். நடுவில் பசை லேசாக விடுகிறது, அட்டையை முழுக்க விரித்து மடக்காமல் படிக்கச் சொல்லுங்கள்.